டிஸ்ப்ளே உடைஞ்சா வீட்லயே மாத்துறதா, கல்மண்டபத்துல குடுக்குறதா, சர்வீஸ் சென்டரா?

வடசென்னை டோல்கேட்ல ஷேர் ஆட்டோவுல இருந்து இறங்கும்போது மேல் பாக்கெட்ல இருந்த ஃபோன் நழுவி ரோட்டுல முகம் குப்புற விழுந்துச்சு. சத்தத்த கேட்டவுடனே தெரிஞ்சுபோச்சு, எடுத்து திருப்பிப் பாக்கவே மனசு வரல. ஆட்டோக்கார அண்ணன் சில்லறைய கைல வச்சிக்கினே "இன்னா தம்பி, டிஸ்ப்ளே அவுட்டா"ன்னு கேட்டாரு. அவுட்டு தான். மேல் மூலைலருந்து கோடு கோடா பிரிஞ்சு பாதி ஸ்க்ரீன் வரைக்கும் ஓடியிருந்துச்சு, அந்த மூலைல மட்டும் ஊதா கலர்ல ஒரு புள்ளி.

வீட்டுக்கு வந்தா ஆளுக்கொரு ஐடியா. தம்பி யூடியூப் பாத்து நாமளே மாத்திடலாம்ங்கறான், அப்பா ராயபுரம் கல்மண்டபத்துல தெரிஞ்ச பையன் இருக்கான் குடுங்கறாரு, அக்கா ஃபோன்லயே "சர்வீஸ் சென்டர தவிர எங்கயும் போவாத"ன்னு கத்துது, ஆபீஸ்ல இருக்குறவரு எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்குற ரிச்சி ஸ்ட்ரீட்ன்றாரு. எங்க வீட்டுக்கு இது நாலாவது டிஸ்ப்ளே. முன்னாடி மூணையும் மூணு விதமா மாத்திருக்கோம், அதனால எதுல எவ்ளோ துட்டு போகும், எதுல எவ்ளோ பேஜாரு வரும்னு ஓரளவு தெரியும், அத எழுதி வச்சா யாருக்காவது ஆவும்னு தான் இது.

எங்க குடுக்கலாம்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி டச் வேலை செய்யும்போதே பேக்கப் எடுத்துடுங்க. இன்னைக்கு வேலை செய்ற டச் நாளைக்கு காலைல செய்யாது, ஊதா புள்ளி இருக்குன்னா அது பரவிட்டே தான் போகும், எனக்கு மூணே நாள்ல பாதி ஸ்க்ரீன தின்னுடுச்சு. டச் செத்துப்போயி டிஸ்ப்ளே மட்டும் தெரியுதுன்னா ஒரு ஓடிஜி கேபிள்ல, அதாவது யூஎஸ்பி சாமான ஃபோன்ல மாட்ட உதவுற கேபிள்ல, கம்ப்யூட்டர் மவுஸ சொருகுங்க, பெரும்பாலான ஆண்ட்ராய்டு ஃபோன்ல அம்புக்குறி வந்துடும், அத வச்சு பேட்டர்ன் போட்டு உள்ள போயி ஃபோட்டோவெல்லாம் காப்பாத்திடலாம். அப்பா ஃபோன் போனப்போ இது தெரியாம பேத்தி மொட்டையடிச்ச ஃபோட்டோவெல்லாம் போச்சேன்னு அம்மா ரெண்டு நாள் சாப்பாட்டுல உப்பே போடல.

அப்பால என்ன உடைஞ்சிருக்குன்னு பாக்கணும். மேல கண்ணாடி, அதுக்கு கீழ டச், அதுக்கும் கீழ டிஸ்ப்ளே. பழைய ஃபோன்ல கண்ணாடியும் டச்சும் தனியா வரும், டச்ச மட்டும் மாத்திட்டா முடிஞ்சுது. இப்ப வர்றதுல எல்லாத்தையும் ஒண்ணா ஒட்டியே குடுக்குறான், அதத்தான் கடையில காம்போன்னும் ஃபோல்டர்னும் சொல்றாங்க. படம் நல்லா தெரியுது, டச்சும் எல்லா இடத்துலயும் போகுது, கோடு மட்டும் தான்னா கண்ணாடி மட்டும் போயிருக்கு. கறுப்பா புள்ளி, கலர் கோடு, பாதி இருட்டுன்னா டிஸ்ப்ளேயே போச்சு.

கண்ணாடி மட்டும் தான போச்சு, அத மட்டும் வாங்கி ஒட்டிடலாமேன்னு தோணும். 150 ரூபாய்க்கு ஆன்லைன்ல கிடைக்கவும் கிடைக்குது. வீட்ல நடக்காத காரியம் சாமி. சூடு தட்டுல 80 டிகிரி பக்கம் வச்சு, தலைமுடி மாதிரி இருக்குற கம்பிய கண்ணாடிக்கும் டிஸ்ப்ளேக்கும் நடுவுல விட்டு அறுத்து எடுத்து, பழைய பசைய சொரண்டி, ஓசிஏ ஷீட்டுன்ற கண்ணாடி மாதிரி தெரியற பசைத் தாள் போட்டு, காத்த உறிஞ்சற மெஷின்ல அமுக்கி, அப்பறம் முட்டைமுட்டையா வர்ற குமிழிய எடுக்க இன்னொரு மெஷின். அமோலெட்டுன்னா, அதாவது ஓலெட் ரக டிஸ்ப்ளேன்னா, அது அப்பளம் மாதிரி இருக்கும், கம்பி கொஞ்சம் சாய்ஞ்சா பச்சைக்கோடு வந்து மொத்தமும் காலி. மெஷின் வச்சிருக்குறவங்க கிட்ட குடுத்தாலே "போனா கம்பெனி பொறுப்பில்ல"ன்னு தான் வாங்குவாங்க. அதனால வீட்ல மாத்துறதுன்னா காம்போவோட மாத்துறது மட்டும் தான்.

அதத்தான் தம்பியோட பழைய ஃபோன்ல பண்ணோம். சாதா எல்சிடி, பிளாஸ்டிக் பின்பக்கம், அஞ்சு வருஷ பழசு. காம்போ 1,100, டூல் கிட் 250, பி7000 பசை 120. மே மாசம் ஞாயித்துக்கிழமை, ஃபேன் போட்டா ஸ்க்ரூ பறக்கும்னு ஃபேன ஆஃப் பண்ணிட்டு ரெண்டு பேரும் வேர்வைல குளிச்சுட்டு ஒக்காந்தோம். ஸ்க்ரூ ஒவ்வொண்ணும் ஒவ்வொரு நீளம், மாத்தி முடுக்குனா நீளமானது போர்ட குத்திடும், அதுக்கு தம்பி ஒரு வேலை பண்ணான், அம்மாவோட இட்லி தட்ட எடுத்துட்டு வந்து குழிக்கு ஒண்ணா போட்டு எந்த குழி எந்த ஓட்டைன்னு ஃபோட்டோ எடுத்து வச்சுட்டான். நான் பாத்ததுலயே உருப்படியான டெக்னிக் அது தான்.

ஆனா தப்பு நான் பண்ணேன். பின்பக்க மூடிய நெம்பி சட்டுனு தூக்கிட்டேன். ஃபிங்கர்பிரின்ட் பின்னாடி இருக்குற ஃபோன்ல அந்த மூடிக்கும் போர்டுக்கும் நடுவுல பட்டையா ஒரு ஃப்ளெக்ஸ், அதாவது மெல்லிசா வளையற வயர், ஓடும், மெதுவா புத்தகம் மாதிரி சாய்ச்சு தொறந்து அத கழட்டிட்டு தான் மூடிய எடுக்கணும். டிக்குனு ஒரு சத்தம், ஃபிங்கர்பிரின்ட் அன்னையோட முடிஞ்சுது. இன்னொரு தப்பு, பழைய டிஸ்ப்ளே மேல காது வைக்கிற இடத்துல சின்ன வலை ஒண்ணும் சென்சார் மேல ஒரு ரப்பரும் இருக்கும், அத எடுத்து புதுசுல வைக்கணும், நாங்க பழசோட குப்பைல போட்டுட்டோம். விளைவு, கால் பேசும்போது ஸ்க்ரீன் அணையாம கன்னம் பட்டு மியூட் ஆகிடும்.

வீட்ல செய்யப்போறவங்களுக்கு வேற சிலதும் சொல்லணும். சிம் ட்ரேய மொதல்லயே வெளிய எடுங்க, இல்லன்னா உள்ளயே மாட்டி உடையும். சார்ஜ 25 சதவீதத்துக்கு கீழ இறக்கிட்டு தொறங்க, தொறந்தவுடனே பேட்டரி கனெக்டர கழட்டிட்டு தான் மத்தது எதையும் தொடணும். பேட்டரி பக்கத்துல இரும்பு சாமானே போகக்கூடாது, ஓட்ட விழுந்தா புகையோட நிக்காது, தீயே பிடிக்கும். புது காம்போ வந்தவுடனே மேல இருக்குற ஃபிலிம உரிக்காம, பசையும் போடாம, சும்மா சொருகி ஆன் பண்ணி டெஸ்ட் பண்ணிப் பாருங்க, ஃபிலிம உரிச்சிட்டா எந்த கடைக்காரனும் திருப்பி எடுக்க மாட்டான். ஃப்ரேம்ல ஒட்டிட்டு இருக்குற கண்ணாடித் துகள் ஒண்ணு விடாம எடுக்கணும், ஒரு மணல் அளவு இருந்தாலும் புது டிஸ்ப்ளேய அமுக்குனவுடனே அங்கேருந்து விரிசல் விடும். பசை போட்டு ரப்பர் பேண்ட் மாட்டிட்டு ஒரு நாள் முழுக்க தொடக்கூடாது. எங்க ஆளு மூணு மணி நேரத்துல எடுத்து கேம் ஆடுனான், ஒரு ஓரம் இன்னும் தூக்கிட்டு தான் இருக்கு.

இப்ப கணக்குக்கு வருவோம், இது தான் முக்கியம். கடையில அதே வேலைக்கு கூலி 350 கேட்டாங்க. அந்த 350அ மிச்சம் பிடிக்க நாங்க டூலுக்கும் பசைக்கும் 370 போட்டு, ஒரு ஞாயித்துக்கிழமைய போட்டு, ஒரு ஃபிங்கர்பிரின்ட்டையும் போட்டோம். வீட்லயே மாத்துங்கன்னு சொல்ற வீடியோவெல்லாம் பெரும்பாலும் அமெரிக்காக்காரன் எடுத்தது. அங்க கை வேலைக்கு கூலி தான் பெருசு. ஆப்பிள் 2022 ஏப்ரல்ல வீட்டுக்கே பார்ட்டும் டூலும் அனுப்புற திட்டத்த அங்க ஆரம்பிச்சான், அதே வருஷம் ஆகஸ்ட்ல சாம்சங்கும் ஐஃபிக்ஸிட்ன்ற ரிப்பேர் சாமான் கம்பெனியோட சேர்ந்து ஆரம்பிச்சான். அவனுக்கு அந்த கணக்கு சரி. நம்ம ஊர்ல, அதுவும் தெருவுக்கு ரெண்டு மொபைல் கடை இருக்குற ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டை பக்கம், கூலி கொறச்சல், பார்ட்டு தான் மொத்த துட்டும். அதனால நாம மெனக்கெட வேண்டியது ஸ்க்ரூ முடுக்குறதுல இல்ல, பார்ட்டு தேர்ந்தெடுக்குறதுல.

அதுக்காக வீட்ல பண்ணவே கூடாதுன்னு இல்ல. தூக்கிப் போடப்போற ஃபோன், கத்துக்கணும்னு ஆசை, உள்ள இருக்குற விஷயத்த எவன் கைலயும் குடுக்க விருப்பமில்ல, இதுல ஒண்ணு இருந்தா தாராளமா பண்ணுங்க. வளைஞ்ச டிஸ்ப்ளே, ஐஃபோன், தண்ணி போகாதுன்னு வாங்குன ஃபோன், இதுல மட்டும் கை வைக்காதீங்க. ஐஃபோன் 11ல இருந்து டிஸ்ப்ளே மாத்துனா, சுத்தி இருக்குற வெளிச்சத்துக்கு ஏத்த மாதிரி கலர மாத்துற ட்ரூ டோன் காணாமப் போகலாம், செட்டிங்ஸ்ல தெரியாத பார்ட்டுன்னு எழுத்து வந்து நிக்கும், அதுவாவது பரவால்ல, எக்ஸ்ல இருந்து 12 வரைக்கும் காது ஸ்பீக்கரோட இருக்குற ஃப்ளெக்ஸ பழைய டிஸ்ப்ளேல இருந்து பிரிச்சு எடுக்கும்போது கிழிஞ்சா ஃபேஸ் ஐடியே போய்டும்.

சரி, கடை. கடைக்காரங்க எல்லாரும் "ஒரிஜினல்"னு தான் சொல்வாங்க, அந்த ஒரு வார்த்தைக்கு நாலு அர்த்தம் இருக்கு. கம்பெனி டப்பாவுல வர்ற சர்வீஸ் பேக் ஒண்ணு. வேற ஃபோன்ல இருந்து கழட்டுன பழைய ஒரிஜினல் பேனல்ல புது கண்ணாடி போட்டு வர்றது ஒண்ணு, ஓஜின்னு சொல்றது பாதி நேரம் இது தான். மூணாவது வேற கம்பெனி செஞ்ச ஓலெட் காப்பி. கடைசியா இன்செல், டிஎஃப்டின்னு வர்ற எல்சிடி, அமோலெட் ஃபோனுக்கும் இத போட்டுவிடுவாங்க, விலை பாதிக்கும் கீழ.

அப்பாவுக்கு தெருமுனைல இந்த கடைசி ரகத்த போட்டு அனுப்புனாங்க. அவர் காசிமேட்டுல வெயில்ல நின்னு ஃபோன பாக்குறவரு, ஒண்ணுமே தெரியலன்னு கையால குடை பிடிச்சுக்கினு நம்பர் பாப்பாரு. டிஸ்ப்ளே கொஞ்சம் தடிமன், ஓரம் மேல நிக்குது, நகத்துல தட்டுது. அது கூட போகட்டும், டிஸ்ப்ளேக்கு அடியில ஃபிங்கர்பிரின்ட் இருக்குற ஃபோன் அது. சென்சார் கீழருந்து பாக்குறதுக்கு ஓலெட் தான் வழி விடும், எல்சிடிக்கு பின்னாடி வெளிச்சம் போடுற பலகை ஒண்ணு இருக்கு, அது மறைச்சுடும், கைநாட்டு சுத்தமா வேலை செய்யாது. போய்க் கேட்டா "அப்பா, அது சாஃப்ட்வேர் பிராப்ளம், அப்டேட் வந்தா சரியாவும்"னு பீலா விட்டான். அப்டேட் வந்து சரியாவறதுக்கு அது சாஃப்ட்வேர் இல்லயே.

இத கண்டுபிடிக்க சுலபமான வழி ஒண்ணு இருக்கு. முழுக்க கறுப்பா ஒரு படத்த வச்சு, வெளிச்சத்த ஃபுல்லா ஏத்தி, கடை மேசைக்கு அடியில இருட்டுல காட்டச் சொல்லுங்க. ஓலெட்ல ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், கறுப்புன்னா அணைஞ்சிடும், ஃபோன் எங்க இருக்குன்னே தெரியாது. எல்சிடின்னா சாம்பல் கலர்ல மங்கலா ஒளி கசியும். துட்டு குடுக்குறதுக்கு முன்னாடி ஒரு ஐக்கான புடிச்சு ஸ்க்ரீன் முழுக்க கோலம் போடுற மாதிரி இழுங்க, எங்கயாவது கைய விட்டு நழுவுனா அங்க டச் இல்ல. ஒரு கால் போட்டு காதுல வச்சு அணையுதா பாருங்க, முன் கேமரா, வெயில்ல தானா வெளிச்சம் ஏறுதா, எல்லாம் அங்கயே நின்னு பாக்கணும். கேரண்டின்னு கேட்டா முக்காவாசி கடைல டெஸ்டிங் கேரண்டி தான், வாசப்படி தாண்டுனா நீ யாரோ நான் யாரோ.

இன்னொரு விஷயம் நெறைய பேருக்கு தெரியாது. உங்க பழைய அமோலெட்ல கண்ணாடி மட்டும் போயி படம் நல்லா இருந்தா அதுக்கு விலை உண்டு, கண்ணாடி மாத்தி அதையே இன்னொருத்தருக்கு ஓஜின்னு போடலாம்ல. ஒண்ணு பழச திருப்பி கேளுங்க, இல்ல பில்லுல கழிக்க சொல்லுங்க. கேக்கலன்னா அது தானா டிராயருக்குள்ள போய்டும்.

ஃபோன குடுத்துட்டு டீ குடிக்க போறவங்களுக்கும் ஒரு வார்த்தை. முடிஞ்சா எதிர்ல ஒக்காந்து பண்ண சொல்லுங்க, ஒரு மணி நேர வேலை தான். விட்டுட்டு தான் வரணும்னா சாம்சங்ல மெயின்டனன்ஸ் மோட், பிக்ஸல்ல ரிப்பேர் மோட் இருக்கு, போட்டுட்டா உங்க ஃபோட்டோ, மெசேஜ், பேங்க் ஆப் எதுவும் தெரியாம ஃபோன டெஸ்ட் மட்டும் பண்ணிக்கலாம். பின் நம்பர பேப்பர்ல எழுதி ஃபோனுக்கு பின்னாடி ஒட்டிட்டு வர்ற பழக்கத்த நம்ம ஆளுங்க எப்ப விடப்போறாங்களோ.

சர்வீஸ் சென்டர் பத்தி சுருக்கமா. பார்ட்டு சந்தேகமே இல்ல, ஃபிங்கர்பிரின்ட்ட கேலிபரேட் பண்ணித் தருவாங்க, ஓரத்துல சீல் போட்டுத் தருவாங்க, பில்லு வரும். விலைக்கு மேல 18 சதவீதம் ஜிஎஸ்டியும் வரும், சொல்ற விலைல அது சேர்த்தியான்னு மொதல்லயே கேட்டுடுங்க. அக்கா ஃபோன குடுத்த எடத்துல ரெண்டு நாள்னு சொல்லி பார்ட்டு வரலன்னு பதினொரு நாள் இழுத்தாங்க, டேட்டா அழியும்னு ஒரு பேப்பர்ல கையெழுத்தும் வாங்கிட்டாங்க. ஜிபே, ஓடிபி, ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பு எல்லாம் அதுல, பதினொரு நாளும் அத்தான் ஃபோன்ல இருந்து என்னைய திட்டுச்சு. ஆனா ஃபோன் வந்தப்போ புதுசு மாதிரி இருந்துச்சு, இன்னை வரைக்கும் ஒரு குறையும் இல்ல, அதையும் சொல்லித்தான் ஆவணும். வாரண்டி இன்னும் இருக்குன்னா வெளியில தொறக்காதீங்க, நாளைக்கு போர்டு போனா "தொறந்திருக்கு"ன்னு கைய விரிப்பாங்க. கீழ போட்டு உடைச்சதுக்கு வாரண்டி கிடையாது, ஆனா வாங்கும்போது ஸ்க்ரீன் ப்ரொடெக்ஷன்னு தனியா எதாவது கட்டிருக்கீங்களான்னு பழைய மெயில ஒரு வாட்டி தேடிப் பாருங்க, கட்டிட்டு மறந்தவங்க ஏராளம்.

அப்படியே விட்டுட்டா என்னன்னும் ஒரு வழி இருக்கு. மயிரிழை கோடு, டச் சரியா இருக்குன்னா மேல டெம்பர் ஒட்டிட்டு ஓட்டலாம், துகள் விரல்ல ஏறாது. ஆனா கடலோரமா இருக்குறவங்களுக்கு அது ரொம்ப நாள் தாங்காது, உப்புக்காத்தும் வேர்வையும் அந்த கோடு வழியா தான் உள்ள போகும். அப்பறம் ஃபோன் தானா அமுக்கிக்க ஆரம்பிக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கு உங்க மேனேஜருக்கு வீடியோ கால் போகும்.

ஆட்டோ ஓட்டுற நம்ம அண்ணன் மாதிரி ஆப்ல சவாரி எடுக்குறவங்களுக்கு இந்த ஒப்பீடே வேற. ஃபோன் இல்லாத ஒவ்வொரு மணி நேரமும் வருமானம் போகுது, அவருக்கு பக்கத்து கடைல ஒரு மணி நேரத்துல போடுற 1,500 ரூபா காப்பியே லாபம். பதினொரு நாள் காத்திருந்து ஒரிஜினல் போட்டு அவர் என்ன பண்ணப்போறாரு.

என்னோடது அமோலெட், ரெண்டு வருஷ பழசு, இப்ப வித்தா 9,000 போகும்னாங்க. சர்வீஸ் சென்டர்ல 7,800 சொன்னாங்க. ஃபோனோட இன்னைய மதிப்புல பாதிக்கு மேல டிஸ்ப்ளேக்கு போகுதுன்னா ஒரு வாட்டி யோசிக்கணும்ன்றது என் கணக்கு, இது முக்காலுக்கும் மேல. தெருமுனைல இன்செல் 2,200. நடுவுல ஒண்ணு வேணும்னு பார்ட்ட நானே போய் வாங்கறதுன்னு முடிவு பண்ணேன். பர்மா பஜார்லயும் கேட்டேன், பர்மாவுல இருந்து திரும்பி வந்தவங்க 1969ல போட்ட கடைங்க அது, இப்பவும் பீச் ஸ்டேஷன் எதிர்ல வரிசையா மொபைல் சாமான் தான், ஆனா என் மாடலுக்கு காப்பி மட்டும் தான் இருந்துச்சு. "ஒரிஜினல் வேணும்னா ரிச்சி ஸ்ட்ரீட் போங்க, இங்க இல்ல"ன்னு ஒரு பாய் நேர்மையா சொல்லி அனுப்புனாரு.

டோல்கேட் மெட்ரோல ஏறுனா கவர்ன்மென்ட் எஸ்டேட் வரைக்கும் வண்டியே மாற வேணாம், அங்கேருந்து நடந்தா ரிச்சி ஸ்ட்ரீட். ஞாயித்துக்கிழமை போய் மூடின ஷட்டர பாத்துட்டு வராதீங்க. ஃபோன கையோட எடுத்துட்டு போங்க, மாடல் நம்பர செட்டிங்ஸ்ல பாத்து எழுதி வச்சுக்கோங்க, பேரு ஒண்ணா இருந்தாலும் 4ஜிக்கும் 5ஜிக்கும் டிஸ்ப்ளே வேற. ஃப்ரேமோட இருக்குற சர்வீஸ் பேக் 4,900க்கு கிடைச்சுது. ஃப்ரேமோடன்னா டிஸ்ப்ளே ஏற்கனவே ஒட்டியே வரும், நம்ம போர்டையும் பேட்டரியையும் அதுக்குள்ள மாத்தணும், வேலை ஜாஸ்தி, ஆனா டிஸ்ப்ளே தூக்காது, வளைஞ்ச பழைய ஃப்ரேமும் போய்டும்.

கல்மண்டபத்து அண்ணன் கிட்ட கொண்டுபோனா அவருக்கு மூஞ்சி சுருங்கிடுச்சு. "பார்ட்டு நீ கொண்டாந்துட்ட, அது போனா என்னாண்ட வராத"ன்னாரு. நியாயம் தான், அவருக்கு லாபமே பார்ட்டுல தான, கூலிய மட்டும் வாங்கி என்ன மிஞ்சும். "சரிண்ணா, எதிர்லயே சொருகி டெஸ்ட் பண்ணிட்டு அப்பறம் போடுங்க"ன்னேன், கூலி 600 பேசிட்டு ஒத்துக்கினாரு. பழைய டிஸ்ப்ளே பாதி கறுப்பாயிட்டதால அதுக்கு ஒண்ணும் கழிக்கல. பேட்டரிய எடுக்க அவர் எந்த கருவியும் தொடல, ஓரத்துல ரெண்டு சொட்டு ஐபிஏ, அதாவது பசைய இளக்குற ஐசோப்ரோபில் ஆல்கஹால், விட்டுட்டு ஒரு பழைய சிம் கார்ட மெதுவா உள்ள தள்ளி ரெண்டு நிமிஷத்துல தூக்குனாரு, அத பாத்ததுக்கே 600 குடுக்கலாம்.

மொத்தம் 5,500, மெட்ரோ டிக்கெட் தனி. மாசம் ஒண்ணு ஆச்சு. கைநாட்டு வேலை செய்யுது, வெயில்ல தெரியுது, இருட்டுல வச்சா கறுப்பு கறுப்பா இருக்கு. வால்யூம் பட்டன் மட்டும் பழைய ஃப்ரேம்ல இருந்து மாத்துனதால கொஞ்சம் இறுக்கமா இருக்கு, குறைக்கிறதுக்கு ரெண்டு வாட்டி அமுக்க வேண்டி இருக்கு. பட்டனுக்கு கேரண்டி உண்டான்னு அன்னைக்கு கேக்கல. இந்த சனிக்கிழமை கல்மண்டபம் பக்கம் போறப்போ கேட்டுப் பாக்கணும்.